ஏழாவது கண்டமும் எண்பத்தொரு தானியமும்

அத்திபெலேயில் எங்களுக்கு ஒரு சைட், வீடு கட்டாத காலிமனை, இருந்தது. அதை விற்றுத்தான் அண்டார்டிகா போனோம். இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்துச் சொல்லும்போது சொந்தக்காரர்களின் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும். என் நாத்தனார், "அங்க என்னா கோயில் இருக்கு?" என்று கேட்டார். கோயில் இல்லை, கடை இல்லை, ஊரே இல்லை என்றேன். "அப்ப எதுக்குப் போறீங்க?" என்றார். எனக்கும் அதே சந்தேகம்தான் என்பதை நான் அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

என் வீட்டுக்காரர் அல்சூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்திரண்டு வருடம் புவியியல் வாத்தியார். உலக வரைபடத்தைப் புத்தகம் பார்க்காமல் கரும்பலகையில் வரைந்துவிடுவார். ஆறு கண்டங்களையும் முடித்த பிறகு சாக்பீஸைப் படுக்கவைத்து அடியில் ஒரே இழுப்பு. அதுதான் அண்டார்டிகா. வருடா வருடம் கடைசி பெஞ்சிலிருந்து யாராவது ஒருவன், "சார், நீங்க போயிருக்கீங்களா?" என்று கேட்பானாம். இல்லை என்று சொல்லிச் சொல்லி மனிதருக்கு அலுத்துவிட்டது. ஓய்வுபெற்ற அன்று பள்ளியில் போட்ட சால்வையோடு வீட்டுக்கு வந்தவர், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "வசந்தா, ஒரே ஒரு தடவ அங்க கால வெச்சுட்டு வந்துடணும்" என்றார்.

எனக்கு வேண்டியிருந்தது அந்த சைட்டில் ஒரு வீடு. இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். மூன்றாம் நாள் அவர் சோற்றில் மோரை ஊற்றிவிட்டு, சாம்பாருக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து மனம் இளகிவிட்டது. பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் முப்பது வருடம் வேலை பார்த்தவள் நான். நட்டு, போல்ட்டு, வாஷர் எதுவானாலும் எண்ணாமல் உள்ளே வைக்கவும் மாட்டேன், எண்ணாமல் வெளியே கொடுக்கவும் மாட்டேன். பட்டாணி உரித்தாலும் கை எண்ணிக்கொண்டேதான் இருக்கும். இந்தப் பழக்கம்தான் பின்னால் எங்களைச் சந்தியில் நிறுத்தியது.

முதல் சோதனை விமானத்திலேயே வந்தது. மூன்று விமானம் மாறி, உலகத்தின் தென்கோடித் துறைமுக ஊரில் இறங்கியபோது எங்கள் இரண்டு பெட்டிகளில் ஒன்றுதான் வந்து சேர்ந்தது. குளிர்த்துணி இருந்த பெட்டி வந்துவிட்டது. பருப்புப்பொடி, தக்காளித் தொக்கு, சின்ன ரைஸ் குக்கர் எல்லாம் இருந்த பெட்டி வேறு ஏதோ ஊருக்கு உல்லாசப் பயணம் போய்விட்டது. "நல்லவேளை, ஸ்வெட்டர் வந்துடுச்சே" என்று வாத்தியார் குஷியாகச் சொன்னார். பன்னிரண்டு நாளைக்கு ஸ்வெட்டரையா பிசைந்து சாப்பிட முடியும் என்று கேட்டேன்.

கப்பல் சின்னதுதான். எழுபது பேருக்குள் இருப்போம். முதல் நாள் சாப்பாட்டு மேசையில் வெந்த மீன், வேகாத கீரை, எதிலும் உப்பைக் காணோம். பரிமாறிய பிலிப்பைன்ஸ்காரர் ஜோயெல் என் தட்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உள்ளே போய், சிப்பந்திகளுக்காக வடித்த சோற்றில் ஒரு கிண்ணமும், வினிகரில் ஊறிய பச்சைமிளகாயும் கொண்டுவந்து வைத்தார். "எங்கள் ஊரிலும் சோறு இல்லாவிட்டால் சாப்பிட்ட கணக்கில் வராது" என்றார். அந்த நிமிடத்திலிருந்து அவர் எனக்குத் தம்பி.

எங்கள் மேசையில் ஹெல்கா என்ற ஜெர்மன் அம்மாள் இருந்தார். எழுபத்தாறு வயது, ஓய்வுபெற்ற நர்ஸ், ஆறடி உயரம். வாத்தியார் அவருக்கு ஜெர்மனியின் ஆறுகளை வரிசையாக ஒப்பித்துக் காட்டினார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "வீட்டிலும் இப்படித்தானா?" என்றார். வீட்டில் மலைகளும் உண்டு என்றேன்.

இரண்டாம் நாள் கடல் தன் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டிலிருந்து பழைய பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து போனவர்களுக்கு அந்த ஆட்டம் கொஞ்சம் புரியும். எங்கள் பெட்டி கேபினுக்குள் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு வாக்கிங் போனது. "இந்த இடத்துல பூமியச் சுத்தி அலைய மறிக்கறதுக்கு நெலமே கெடையாது வசந்தா, அதனாலதான்..." என்று விளக்க ஆரம்பித்த வாத்தியார், காரணத்தைச் சொல்லி முடிப்பதற்குள் குளியலறைக்கு ஓடினார். காரணம் தெரியாத எனக்கு ஒரு ஏப்பம்கூட வரவில்லை.

எனக்கு ஒன்றும் ஆகாததற்கு நான் மனதுக்குள் வேறு ஒரு காரணம் வைத்திருந்தேன். புறப்படும் முன் எங்கள் தெருக்கோடிக் கோயில் குருக்களிடம் போயிருந்தேன். "சாருக்கு ஏழரைச் சனி நடக்குது. கடல் தாண்டிப் போறீங்க. நவதானியம் துணியில முடிஞ்சு பெட்டியில வெச்சுக்குங்கம்மா, ஒண்ணும் ஆகாது" என்றார். நெல், கோதுமை, துவரை, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, மொச்சை, எள், உளுந்து, கொள்ளு. ஒவ்வொன்றிலும் ஒன்பது. மஞ்சளில் நனைத்துக் காயவைத்த துணியில் எண்ணிப் போட்டு முடிந்து, பெட்டியின் அடியில் அவருடைய கால்சட்டைக்குக் கீழே வைத்தேன். வாத்தியாரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கிரகங்களின் தூரம், எடை, சுற்றும் வேகம் எல்லாவற்றையும் கேட்க வேண்டியிருந்திருக்கும்.

மூன்றாம் நாள் மதியம் கடல் கொஞ்சம் அடங்கியது. கரையிறங்கும் குழுவுக்குத் தலைவியான கமீலா எல்லோரையும் கூடத்துக்கு அழைத்தாள். சிலி நாட்டுப் பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். அந்தக் கண்டத்தில் வெளியூர்ச் செடி எதுவும் முளைக்கக் கூடாதாம். புல்விதை ஒன்று செருப்பில் ஒட்டிக்கொண்டு போனால்கூடக் கேடுதானாம். ஆகவே கரைக்குப் போட்டுக்கொண்டு போகும் துணி, பை, தொப்பி எல்லாவற்றையும் கொண்டுவந்து சோதனைக்குக் கொடுக்க வேண்டும் என்றாள். மற்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் பெட்டியின் அடியில் இருந்த மஞ்சள் முடிச்சு ஞாபகம் வந்தது.

கேபினுக்கு ஓடிப் பெட்டியைத் திறந்தேன். மஞ்சள் துணி இருந்தது. முடிச்சு இல்லை. இரண்டு நாள் வாக்கிங்கில் அது அவிழ்ந்து, நவக்கிரகங்களும் பெட்டி முழுக்கப் பரவியிருந்தார்கள். கம்பளிச் சட்டையின் கையில் துவரை. காலுறைக்குள் மொச்சை. கையில் அகப்பட்டதைப் பொறுக்கிக்கொண்டிருக்கும்போதே வாத்தியார் பின்னால் வந்து நின்றார்.

"என்னா பண்ற?"

"ஒண்ணுமில்லீங்க."

"கைய நீட்டு."

நீட்டினேன். கொஞ்ச நேரம் உள்ளங்கையையே பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "அந்தக் கண்டத்துக்கு ஒரு வெத கொண்டுபோகக் கூடாது. நீ ஒம்பது வகை கொண்டுவந்திருக்க" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் கமீலாவின் மேசைமேல் வைத்தோம். என்ன, ஏது என்று வாத்தியாரே ஆங்கிலத்தில் சொன்னார். பயணத்துக்குக் காவலாக என் மனைவி வைத்தது, எங்கள் பக்கத்து வழக்கம் என்று சொன்னாரே தவிர, மூடநம்பிக்கை என்ற வார்த்தையை அவர் எடுக்கவே இல்லை. வீட்டில் ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்லுகிற வார்த்தை அது.

அத்திபெலே செக்போஸ்ட்டில் லாரிகளைக் குடைவதைப் பார்த்திருக்கிறேன். கமீலாவின் சோதனைக்கு முன்னால் அது விளையாட்டு. சட்டைப்பைகளை உள்ளும் புறமுமாகத் திருப்பினாள். பரபரவென்று பிரியும் ஒட்டுப்பட்டைகளைக் குண்டூசியால் கிளறினாள். தையலுக்குள் தூசி உறிஞ்சும் வாக்குவம் குழாயை விட்டாள். ஹெல்கா மூக்குக்கண்ணாடிமேல் இன்னொரு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இடுக்கியோடு உட்கார்ந்துவிட்டார். ஜோயெல் ஒரு வெள்ளைத் தட்டு கொண்டுவந்தார். கிடைத்ததெல்லாம் அந்தத் தட்டில் விழுந்தது. கொண்டைக்கடலையைக் கண்டதும் ஜோயெல், "இதை வேகவைக்கலாமே" என்றார். கமீலா சிரிக்கவில்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்து வேலை முடிந்தமாதிரி இருந்தது. கமீலா நிமிர்ந்து என்னைப் பார்த்து, "மொத்தம் எத்தனை வைத்தீர்கள் என்று தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்ற பதிலைத்தான் அவள் எதிர்பார்த்தாள். தானியத்தை யார் எண்ணி வைப்பார்கள்?

தட்டில் எண்பது இருந்தது. என் கண் ஏற்கெனவே எண்ணி முடித்திருந்தது. எட்டு எள்தான். ஒன்பது கிரகங்களில் ஒளிந்துகொண்டது சனி என்பதைக் கவனித்தேன். எண்பது என்று சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். வாத்தியாரைப் பார்த்தேன். மறுநாள் காலைதான் கண்டத்தில் இறங்குவது. அதற்குப் பிறகு வரும் இடங்கள் எல்லாம் தீவுகள். கண்டத்தின் உடம்பிலேயே கால்படுவது அந்த ஒரு காலைதான். அவர் தட்டைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முப்பது வருடத்தில் ஒரு வாஷரைக்கூட நான் கணக்கு மாற்றிச் சொன்னதில்லை. "எண்பத்தொன்று" என்றேன்.

கமீலா நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். அதன்பின் இன்னும் ஒரு மணி நேரம் தேடினார்கள். கேபினில் தரைவிரிப்பைப் புரட்டினார்கள். அந்த எள் இன்றுவரை கிடைக்கவில்லை. கடைசியில் அவள் சொன்னது இதுதான்: எங்கள் பெட்டியில் இருந்த எந்தத் துணியும் நாளைக்குக் கரை இறங்க முடியாது. சலவைக்குப் போட்டுப் பிரித்துப் பார்த்து ஒப்புதல் தர ஒரு முழு நாள் ஆகும். "நீங்கள் உண்மையைச் சொன்னதால்தான் இந்தக் கஷ்டம். எனக்கு வருத்தமாக இருக்கிறது" என்றாள். எனக்கு அவளைவிட வருத்தமாக இருந்தது.

கேபினில் வாத்தியார் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "தெரியாதுன்னு சொல்லியிருக்கணுங்க. வாய் வரல. என்ன மன்னிச்சுடுங்க" என்றேன். சைட்டை விற்றது, இவ்வளவு தூரம் வந்தது, கடைசி பெஞ்சுப் பையன்களின் கேள்வி, எல்லாம் என் ஒரு முடிச்சில் போயிற்று என்று நினைக்க நினைக்க அழுகை வந்துவிட்டது.

அவர் திரும்பினார். "அந்த எள்ளு என் காலுல ஒட்டிக்கிட்டுப் போயி அங்க விழுந்திருந்தா, அப்புறம் நான் என்னா வாத்தியாரு? நீ சொன்னது சரிதான். ஆனா எனக்குப் பேஜாரா இருக்கு வசந்தா. கொஞ்ச நேரம் பேசாத" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது அவருக்குத் தெரியும்.

கதவைத் தட்டியது ஹெல்கா. கையில் ஒரு கம்பளிச் சட்டை. ஏற்கெனவே சோதித்து முத்திரை போட்டது, தன்னிடம் இரண்டு இருக்கிறது என்றார். அவருக்குப் பின்னால் ஜோயெல் தன் காலுறைகளோடு நின்றார். மேசைக்கு மேசை செய்தி பரவியிருந்தது. பிரெஞ்சுக்காரர் ஒருவரின் கையுறை, யாரென்றே தெரியாத ஒருவரின் குல்லாய் என்று வந்து சேர்ந்தன. ஆனால் நீர் புகாத கால்சட்டை இல்லாமல் ரப்பர் படகில் ஏறவே விடமாட்டார்கள். ஆளுக்கு ஒன்றுதான் வைத்திருந்தார்கள், அவரவருக்கு அவரவருடையது வேண்டும். கமீலா கப்பல் முழுக்கத் தேடி, முன்னொரு பயணத்தில் யாரோ விட்டுப்போன கால்சட்டை ஒன்றைக் கண்டுபிடித்தாள். ஆரஞ்சு நிறம். ஒன்றே ஒன்று.

"நீ போ" என்றார் வாத்தியார், மரியாதைக்கு.

"வாய மூடிக்கிட்டுப் போட்டுக்குங்க" என்றேன்.

மறுநாள் காலை மேல்தளத்துக்கு வந்தேன். கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளை மலைகள், கண்ணாடி மாதிரி அசையாத தண்ணீர், அதில் நீல நிறத்தில் பனிக்கட்டிகள். எங்கள் ஊர் சில்க் போர்டு சிக்னலில் வண்டிகள் நிற்பதுபோல ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு நின்றன. ஹாரன் அடிக்க மட்டும் ஆளில்லை. அவ்வளவு அமைதி இருக்கும் இடத்தில் நான் அதுவரை நின்றதே கிடையாது.

வாத்தியார் புறப்பட்டார். உடம்பில் அவருடைய நூல் ஒன்றுகூட இல்லை. ஜெர்மன் சட்டை, பிலிப்பைன்ஸ் காலுறை, பிரெஞ்சுக் கையுறை, உரிமையாளர் தெரியாத ஆரஞ்சுக் கால்சட்டை. உலக வரைபடமே இறங்கிப் போவதுபோல் இருந்தது. கரையில் முக்கால் மணி நேரம் அனுமதி. அந்த முக்கால் மணிக்கும் அவரிடம் பாடத்திட்டம் இருந்தது. பனியாறு தள்ளிக்கொண்டு வந்த கற்களைப் பார்ப்பது பத்து நிமிடம், பாறையைத் தொட்டுப் பார்ப்பது ஐந்து நிமிடம், பென்குவின் பத்து நிமிடம், கடைசி இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பது. முப்பது வருடமாகச் சும்மா உட்காரத் தெரியாத மனிதர் எழுதிய திட்டம் அது.

கம்பிப்பிடியோரம் நின்று பைனாகுலரில் பார்த்தேன். படகு கரையைத் தொட்டது. ஆரஞ்சுக் கால்சட்டை இறங்கியது. இரண்டு அடி வைத்துவிட்டுக் குனிந்தது. அப்புறம் நிமிர்ந்து, அசையாமல் நின்றது. அழுகிறார் என்று அவருடைய முதுகைப் பார்த்தே தெரிந்தது. நான் கெடுத்ததை அந்த ஊர்பேர் தெரியாத கால்சட்டை சரிசெய்துவிட்டது என்று நிம்மதியாக ஒரு மூச்சு விட்டேன்.

பதினைந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆரஞ்சுக் கால்சட்டை கமீலாவிடம் போய்க் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னது. பிறகு அவசரமாகப் படகில் ஏறியது. மாரடைப்போ, கால் பிசகியதோ என்று கீழே ஓடினேன். படகு கப்பலை ஒட்டி நின்றதும் இவர் ஏறி வந்து, கப்பலில் கொடுத்திருந்த பூட்ஸை மருந்துத் தண்ணீரில் கழுவிவிட்டு, அந்த இடத்திலேயே ஒரு திரைக்குப் பின்னால் கால்சட்டையைக் கழற்ற ஆரம்பித்தார்.

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. இந்தா, போட்டுக்க. கமீலா ஒத்துக்கிட்டா. இருபது நிமிஷம் இருக்கு, இதே படகு நிக்குது."

"உங்க முக்கா மணி நேரம்? சும்மா உக்கார்றது?"

"பாத்துட்டேன். பெருசாத்தான் இருக்கு. ஒருத்தனா பாத்துட்டு வர்ற சைஸ் இல்ல அது. சீக்கிரம், நேரம் போவுது!" என்று வகுப்பறைக் குரலில் அதட்டினார். ஹெல்காவின் சட்டையை என் தலைவழியாக மாட்டினார். அதில் அவருடைய சூடு இன்னும் இருந்தது.

ஐந்தடி உயரத்துக்கு அந்தக் கால்சட்டையை நாலு மடிப்பு மடிக்க வேண்டியிருந்தது. படகோட்டி கைகொடுத்து இறக்கிவிட்டான். ஏழாவது கண்டத்தில் நான் முதலில் செய்த காரியம், இடுப்பிலிருந்து நழுவிய கால்சட்டையைப் பிடித்துக்கொண்டது. இரண்டாவது காரியம் மூக்கைப் பொத்திக்கொண்டது. பென்குவின்களைப் படத்தில் பார்த்து மயங்குகிறவர்கள் அந்த நாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. சிவாஜிநகர் மீன் மார்க்கெட்டைக் கழுவாமல் ஒரு வாரம் பூட்டிவைத்தால் அந்த வாசம் வரும். ஒரு பென்குவின் என் அருகில் வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, அதிருப்தியோடு போய்விட்டது.

ஹெல்கா என்னைப் படம் எடுக்கக் கூப்பிட்டார். அங்கே பனியாறு, இங்கே சீல் என்று எல்லோரும் கைகாட்டினார்கள். பார்க்கலாம் என்று நினைத்தவள் எதற்கோ திரும்பிக் கப்பலைப் பார்த்தேன். மேல்தளத்தில், வேறு துணி மாற்றக்கூடப் பொறுமையில்லாமல், கட்டில் கம்பளியை உடம்பில் சுற்றிக்கொண்டு ஒரு மனிதர் நின்றிருந்தார். இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். கம்பளி நழுவியது. பிடித்துக்கொண்டு மறுபடியும் ஆட்டினார். ஏதோ கத்தினார், ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு மறு கையை ஆட்டினேன். நேரம் ஆகிவிட்டது என்று கமீலா தோளைத் தொடும்வரை அப்படியேதான் நின்றேன்.

திரும்பி வந்ததும் சூடான டீயோடு காத்திருந்தார். உட்காரவிடவில்லை. தேர்வு ஆரம்பமாகிவிட்டது.

"அந்தக் கல்லு வரிசை பாத்தியா? பனியாறு தள்ளிட்டு வந்தது?"

"இல்லீங்க."

"கறுப்புப் பாறை? நான் தொட்டேனே, எடது பக்கம்?"

"கவனிக்கலீங்க."

"பனியாத்தோட வாயி? அதுக்குத்தானே நான் கத்துனேன், அந்தப் பக்கம் திரும்பு, திரும்புன்னு!"

"அதுவும் பாக்கல."

"அடக் கடவுளே!" என்று தலையில் அடித்துக்கொண்டார் நாத்திக வாத்தியார். "முப்பது நிமிஷத்த விட்டுட்டு வந்தேனே. அவ்ளோ நேரம் அங்க நின்னு நீ என்னத்தத்தான் பாத்த?"

டீயை ஊதிக்கொண்டே சும்மா இருந்துவிட்டேன். ஊருக்கு வந்தும் நாத்தனாரிலிருந்து பால்காரர்வரை எல்லோரிடமும் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்: சைட்டை விற்று அண்டார்டிகா போய், அண்டார்டிகாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற ஒரே ஆள் என் பெண்டாட்டி. எதைப் பார்த்துக்கொண்டு நின்றாள் என்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. நேரில் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. இங்கே எழுதிவிட்டேன். பிழை திருத்துகிறேன் என்று சிவப்புப் பேனாவோடு இதை முதலில் படிக்கப்போவது அவர்தான்.